கண்களைத் தந்து சென்ற குரு

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் மாலையில் நமது பங்கின் கல்லறைத் தோட்டம் திருவிழாக் கோலம் பூணுகிறது. புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சிலுவைகள், சாமந்தி மாலைகள், காற்றில் அணைந்துவிடாதபடி பிள்ளைகள் கைகளால் மறைத்துப் பிடிக்கும் மெழுகுதிரிகள். இவற்றின் நடுவே தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து செல்வது குருவின் கடமை. அவ்வாறு செல்லும்போது ஒரு கல்லறையின் முன் மட்டும் நமது கால்கள் தயங்குகின்றன.

அங்கே துயில்பவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு ஒன்பது மணியளவில் தம் இல்லத்தில் அமைதியாக இறைவனில் துயில்கொண்டார். பத்து மணிக்கு அவருடைய இளைய மகன் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினார். "சாமி, கண்ணைக் கொடுத்துடணும்னு அப்பா பல தடவை சொல்லியிருக்காங்க. கண்ணில்லாம அவன் எப்படிடா உயிர்த்தெழுவான்னு பெரியப்பா சத்தம் போடுறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

"இந்த நேரத்தில் வீட்டில் மனத்தாங்கல் வேண்டாம், தம்பி. காலையில் பேசிக்கொள்வோம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டோம்.

காலையில் சென்றோம். இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுத்தாக வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது. அந்த மகன் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அடக்கத் திருப்பலிக்கு வேண்டியவற்றையே பேசினார். ஆனால், குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் பயின்ற நாம், ஒரு வீட்டுப் பெரியவரின் முகம் கோணிவிடக் கூடாதே என்ற தயக்கத்தால், சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டோம். அதனால் பார்வை பெற்றிருக்கக்கூடிய இருவர் இருளிலேயே இருந்தனர். அந்த ஒரு வார்த்தையின் பின்னே எத்துணை நீண்ட வரலாறு இருக்கிறது என்பதை அதன் பின்னரே தேடிப் படித்தோம். படித்ததை இங்கே வாசகர்கள்முன் வைக்கிறோம்.

சவேரியாரின் வலக்கை

பெரியப்பாவின் கேள்வியை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. அது விசுவாசத்திலிருந்து எழுந்த கேள்வி. உடலின் உயிர்ப்பை நம்புகிறவரே அப்படிக் கேட்க முடியும். ஆயினும் அது புதிய கேள்வி அன்று. திருச்சபை தன் முதல் நூற்றாண்டுகளிலேயே அதற்கு விடை கண்டிருக்கிறது.

கி.பி. 177-ஆம் ஆண்டில், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர் பலர் கொல்லப்பட்டனர். கொன்றதோடு பகைவர் நிற்கவில்லை. உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தனர். உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கையே இவர்களுக்கு இத்துணைத் துணிவு தருகிறது; உடலை இல்லாமற் செய்துவிட்டால் அந்த நம்பிக்கை அழிந்துபோகும் என்பது அவர்களின் எண்ணம். வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் இதைப் பதிவு செய்துள்ளார். எஞ்சிய கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்ய முடியாமற் போனதற்காக அழுதார்களேயன்றி, உயிர்ப்பைப் பற்றி ஐயுறவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் 'இறைவனின் நகரம்' என்னும் நூலின் இறுதிப் பகுதியில் இதே கேள்வியை எடுத்து ஆராய்ந்தார். நெருப்புத் தின்ற உடலும் விலங்கு தின்ற உடலும் எவ்வாறு எழும்? இல்லாமையிலிருந்து உடலைப் படைத்தவருக்குச் சிதறியதை மீட்டுத் தருவது அரிதன்று என்பதே அவர் தரும் விடையின் சாரம்.

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு இதைவிட நெருக்கமான சான்று ஒன்றுண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கை ஓயும்வரை திருமுழுக்கு அளித்த புனித சவேரியாரின் உடல் கோவாவில் இருக்கிறது. ஆனால் அவரது வலக்கையின் முன்பகுதி அங்கே இல்லை. 1614-இல் அது வெட்டியெடுக்கப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டது. இன்றும் அங்குள்ள இயேசு ஆலயத்தில் வணக்கத்திற்கு வைக்கப்பட்டுள்ளது. கோவாவுக்குப் பயணம் போனோர் உடலை வணங்கினர். உரோமைக்குப் போனோர் கையை வணங்கினர். கையின்றிச் சவேரியார் எப்படி உயிர்ப்பார் என்று எவரும் கவலையுற்றதில்லை. புனிதரின் உடல் பிரிக்கப்பட்டபோது எழாத அச்சம், ஓர் ஆசிரியரின் கருவிழியை எடுக்கும்போது மட்டும் ஏன் எழ வேண்டும்?

யாரும் கேட்காத ஒரு மனிதர்

முதல் நற்கருணை மன்றாட்டில் மறைசாட்சிகளின் பெயர்களை வாசிக்கும்போது கோஸ்மாஸ், தமியான் என்னும் இருவரின் பெயர்களையும் சொல்கிறோம். காசு வாங்காமல் நோய் தீர்த்த இரட்டையரான மருத்துவர்கள் இவர்கள். உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தில் உயிர்நீத்தார்கள் என்பது மரபு. இவர்களைப் பற்றி நடுக்காலத்தில் பரவியிருந்த ஒரு கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பொற்கதைகள்' தொகுப்பில் காணலாம். உரோமையில் இவர்களது ஆலயத்தில் பணிபுரிந்த ஒருவரின் கால் புற்றால் அரிக்கப்பட்டிருந்தது. அவர் உறங்கியபோது புனிதர் இருவரும் தோன்றி, அன்று புதைக்கப்பட்டிருந்த ஓர் ஆப்பிரிக்கரின் காலை எடுத்து வந்து அவருக்குப் பொருத்தினர். விழித்தெழுந்தவர் ஒரு கால் வெள்ளையாகவும் ஒரு கால் கறுப்பாகவும் இருக்கக் கண்டார் என்பது கதை. ஐரோப்பிய ஓவியர் பலர் இதை வரைந்திருக்கின்றனர்.

இது கதையே, வரலாறன்று. ஆயினும் ஒருவரின் உறுப்பு மற்றவரை வாழ வைக்கலாம் என்ற கனவைக் கிறிஸ்தவ மக்கள் நெடுங்காலமாகவே சுமந்து வந்திருக்கின்றனர் என்பதற்கு அது சான்று. அக்கதையில் ஒரு குறையும் உண்டு. கால் பெற்றவரைக் குறித்து மகிழ்கிறோம். கால் எடுக்கப்பட்டவரை யாரும் கேட்கவில்லை. அவர் தந்தாரா? அவருடைய உறவினர் இசைந்தனரா? கதை அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஏழையின் உடல், அயலானின் உடல், குரலற்றவனின் உடல் கேட்காமலே எடுத்துக்கொள்ளத் தக்கது என்னும் எண்ணம் பழங்கதையோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கனவு மெய்யாகத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் குடியரசிலுள்ள ஒலொமோவுச் நகரில், எடுவர்ட் சிர்ம் என்னும் மருத்துவர், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு தொழிலாளிக்குக் கருவிழி பொருத்திப் பார்வையளித்தார். அந்தக் கருவிழி, காயமுற்று அகற்ற வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கிடைத்தது. இறந்தோரின் கண்களிலிருந்தும் கருவிழியை எடுக்கலாம் என்பதை ஒதெசா நகரின் விளாதிமிர் பிலாத்தோவ் 1930-களில் நிலைநாட்டினார். காளத்தி வேடர் கண்ணப்பரின் கதையைக் கேட்டு வளர்ந்த நம் மண்ணும் பின்தங்கிவிடவில்லை. சென்னை எழும்பூரில் 1819-இல் தொடங்கப்பெற்ற அரசு கண் மருத்துவமனையில், 1945-இல் மருத்துவர் முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியை நிறுவினார். 1948-இல் கருவிழி மாற்று அறுவையையும் செய்தார்.

இறையியலாரின் இடர்ப்பாடு

மருத்துவம் இவ்வாறு முன்னேறியபோது திருச்சபையின் அறநெறி வல்லுநர்கள் உடனே கைதட்டி வரவேற்றார்கள் என்று சொல்வது உண்மையாகாது. அவர்களுக்கு ஒரு மெய்யான இடர்ப்பாடு இருந்தது.

நம் உடல் நமது உடைமையன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்தது. ஆதலால் அதன் ஓர் உறுப்பை வெட்டியெறிய நமக்கு உரிமையில்லை. முழு உடலையும் காப்பதற்கு மட்டுமே ஓர் உறுப்பை இழக்கலாம். இதனை முழுமைக் கோட்பாடு என்பர். 1930 டிசம்பர் 31 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், திருமணம் பற்றி எழுதிய 'காஸ்தி கொன்னூபீ' என்னும் சுற்றுமடலில் இதை உறுதிப்படுத்தினார். சில நாடுகளில் அரசே தன் குடிமக்களை வலுக்கட்டாயமாக மலடாக்கிய கொடுமையைக் கண்டிக்கும் பகுதியில் அவர் இதைக் கூறினார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. மனித உடல் அரசின் உடைமையன்று என்பதைக் காக்கவே அந்தக் கோட்பாடு அரணாக நின்றது.

ஆனால் அதே அரண் வேறொரு வாயிலையும் அடைத்துவிட்டது. அழுகிய காலை வெட்டலாம். அது உடலைக் காக்கிறது. நல்ல சிறுநீரகத்தை எடுத்துத் தம்பிக்குத் தரலாமா? தருபவரின் உடலுக்கு அதனால் நன்மை ஏதுமில்லையே! ஆகாது என்றே பல இறையியலார் கூறினர். 1944-இல் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் கன்னிங்காம் என்னும் குரு, ஆகும் என்று தம் முனைவர் ஆய்வில் வாதிட்டார். மாந்தர் யாவரும் ஒருவரோடொருவர் இணைந்த ஒரே உடல் போன்றோர். ஆதலால் பிறருக்காகத் தன் உறுப்பைத் தருவது தகும் என்பது அவர் வாதம். ஜெரால்ட் கெல்லி என்னும் இயேசு சபைக் குரு வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். முழுமைக் கோட்பாட்டை இழுத்து நீட்ட வேண்டியதில்லை. பிறரன்பு என்னும் சட்டமே போதும் என்றார் அவர்.

நூலகங்களில் இந்த வாதம் நடந்துகொண்டிருக்கையில், 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஜோசப் மர்ரி என்னும் கத்தோலிக்க மருத்துவர், ஓர் இளைஞரின் சிறுநீரகத்தை எடுத்து, இறக்கும் நிலையிலிருந்த அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். நலமாயிருக்கும் ஒருவர்மீது கத்தி வைப்பது முறையா என்று மர்ரி தம்மைத்தாமே வருத்திக் கேட்டுக்கொண்டார். மருத்துவர்களையும் சட்டம் அறிந்தோரையும் பல சபைகளின் குருக்களையும் கலந்தாலோசித்த பின்னரே துணிந்தார். சகோதரர் பிழைத்தார். தம்மைப் பேணிய செவிலியரை மணந்து, இரு பிள்ளைகளுக்குத் தந்தையாகி, மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1990-இல் மர்ரிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மிலான் நகரில் ஒரு மரணம்

இந்த வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் தொட்டவர் ஒரு குருவானவர். கார்லோ ஞோக்கி என்பது அவர் பெயர். 1902 அக்டோபர் 25 அன்று வட இத்தாலியில், சலவைக்கல் வேலை செய்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சகோதரர் இருவரையும் நோய் கொண்டுபோயிற்று. 1925-இல் குருவானார். இரண்டாம் உலகப் போரில், தம் மாணவர்கள் போர்முனைக்குப் போகையில் தாம் மட்டும் ஊரில் இருப்பதா என்று எண்ணி, மலைப்படைப் பிரிவின் ஆன்மகுருவாகத் தாமே முன்வந்து சென்றார். 1943 ஜனவரியில் இரஷ்யப் பனிவெளியில் இத்தாலியப் படை பின்வாங்கியபோது ஆயிரமாயிரம் பேர் மடிந்தனர். ஞோக்கி அடிகளும் வழியில் விழுந்தார். பனிச்சறுக்கு வண்டியொன்றில் வந்தோர் அவரைத் தூக்கி ஏற்றியதால் உயிர் பிழைத்தார். சாகும் வீரர்களின் கடைசி வார்த்தைகளைக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்த அவர், நாடு திரும்பியதும் மலைக் கிராமங்களில் அவர்தம் குடும்பங்களைத் தேடி அலைந்தார்.

போருக்குப் பின் குண்டு வெடித்துக் கையிழந்த, காலிழந்த, கண்ணிழந்த பிள்ளைகள் இத்தாலியெங்கும் இருந்தனர். அவர்களைச் சேர்த்து இல்லங்கள் அமைத்தார். பின்னர் இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய பிள்ளைகளும் அங்கு வந்தனர். இவ்வாறு இருக்கையில், 53-ஆம் வயதில் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது.

தம்மிடம் எஞ்சியிருப்பது யாது என்று எண்ணிப் பார்த்திருப்பார் போலும். தாம் இறந்ததும் தம் கருவிழிகளைப் பார்வையற்ற பிள்ளைகள் இருவருக்குத் தருமாறு கேட்டுக்கொண்டார். இறந்தோரின் உறுப்பை எடுத்துப் பொருத்துவதற்கான சட்டம் அப்போது இத்தாலியில் இருக்கவில்லை. 1956 பிப்ரவரி 28 அன்று மிலான் நகரில் அவர் இறந்தார். சேசரே கலேயாத்சி என்னும் கண் மருத்துவர் அவரது விருப்பத்தை நிறைவேற்றினார். ஒரு சிறுவனும் ஓர் இளம்பெண்ணும் பார்வை பெற்றனர். அச்சிறுவன் வளர்ந்து, ஞோக்கி அடிகள் தொடங்கிய நிறுவனத்திலேயே பணியாற்றி, அதன் இல்லம் ஒன்றுக்குப் பொறுப்பாளராகவும் ஆனார்.

நாடே பேசிற்று. குரு ஒருவர் தம் கண்களைத் தந்தார் என்றால் அது பாவமாகுமா என்று எளிய மக்கள் தமக்குள் கேட்டுக்கொண்டனர். அவர் இறந்து மூன்று மாதங்கள் நிறைவதற்குள், 1956 மே 14 அன்று, கருவிழிக் கொடையாளர் சங்கத்தினரையும் பார்வையற்றோர் சங்கத்தினரையும் சந்தித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதுபற்றித் தெளிவாகப் பேசினார். இறந்தவரின் கருவிழியை எடுப்பது அவருக்குரிய எந்த உரிமையையும் மீறுவதாகாது என்றார். அதே வேளையில், அழியா ஆன்மாவின் உறைவிடமாய் இருந்ததும் உயிர்ப்புக்குக் குறிக்கப்பட்டதுமான உடலை வெறும் பொருளாக நடத்தலாகாது. குடும்பத்தாரின் இசைவைப் பெற வேண்டும். கொடையை எவர்மீதும் கடமையாகச் சுமத்தக் கூடாது என்றும் எச்சரித்தார். மாந்தர் யாவரையும் ஒரே உடலாகக் கொள்ளும் வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஏன்? தனிமனிதனைச் சமுதாயம் என்னும் உடலின் ஓர் உறுப்பாக மட்டும் கருதினால், அவனை வெட்டவும் அந்தச் சமுதாயத்திற்கு உரிமை வந்துவிடும். சர்வாதிகார அரசுகள் செய்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 3 அன்று, இத்தாலியிலும் இதற்கான சட்டம் பிறந்தது.

இந்த வரிசையைக் கருதிப் பாருங்கள். ஒரு குரு தம் கண்களைத் தந்தார், திருத்தந்தை பேசினார், சட்டம் பின்தொடர்ந்தது. நூல்களில் தேடிய விடை ஒரு மரணப் படுக்கையில் கிடைத்தது. அந்த விடைக்குக் கொடை என்று பெயர். எடுத்துக்கொள்வதன்று, விலைக்கு வாங்குவதன்று, ஆணையிட்டுப் பெறுவதுமன்று, தருவது. ஞோக்கி அடிகள் 2009 அக்டோபர் 25 அன்று, தம் பிறந்த நாளிலேயே, அருளாளராக உயர்த்தப்பட்டார்.

எப்போது இறந்தார்?

கருவிழியை, இதயம் நின்று உடல் குளிர்ந்த பின்னரும் எடுக்கலாம். இதயத்தையும் கல்லீரலையும் அவ்வாறு எடுக்க இயலாது. 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கிறிஸ்தியான் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனித இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். சாலை விபத்தில் சிக்கிய ஓர் இளம்பெண்ணின் இதயம் அது. அவருடைய தந்தை இசைவளித்தார். பெற்றவர் பதினெட்டு நாள்களே வாழ்ந்தார். ஆயினும் அன்று ஒரு கேள்வி உலகின்முன் நின்றது. கருவியின் துணையால் மூச்சு ஓடுகிறது, நெஞ்சு துடிக்கிறது. மூளை முற்றிலும் செயலிழந்துவிட்டது. இவர் உயிரோடு இருப்பவரா, இறந்தவரா?

பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1957 நவம்பர் 24 அன்று, மயக்க மருத்துவர்களிடம் பேசிய பன்னிரண்டாம் பயஸ், மரணம் நேர்ந்த நேரத்தைத் தெளிவாக வரையறுப்பது மருத்துவர்களின் பொறுப்பு என்று கூறியிருந்தார். 1968-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் குழு மூளைச் சாவுக்கான அளவைகளை வகுத்தது. 2000 ஆகஸ்டு 29 அன்று உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டில் திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் இதைக் குறித்துப் பேசினார். மூளை முழுவதும் மீளவே முடியாதபடி செயலிழந்துவிட்டது என்பதைக் கண்டிப்பான முறையில் உறுதி செய்தால், அந்த அளவையை ஏற்பது மனிதரைப் பற்றிய நம் கோட்பாட்டிற்கு முரணாகத் தோன்றவில்லை என்றார் அவர். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2008-இல், உறுப்புக் கொடை அன்பின் சாட்சியம் என்று போற்றினார். மரணம் உறுதியான பின்னரே உயிர்நாடி உறுப்புகளை எடுக்கலாம், சிறிதும் ஐயம் இருக்கலாகாது என்றும் வலியுறுத்தினார். கத்தோலிக்க அறிஞரிடையே இது பற்றிய வாதம் இன்றும் தொடர்கிறது. அது நன்றே. மரணத்தின் வாயிலில் எவரும் அவசரப்படலாகாது. நம் நாட்டுச் சட்டமும் நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே மூளைச் சாவை அறிவிக்க வேண்டும் என்கிறது.

கொடையும் வாணிகமும்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது என்பது நமக்குப் பெருமை. ஆனால் நாம் நாணத் தக்க பக்கமும் உண்டு. 1980-களில் சிறுநீரகம் கடைச்சரக்காயிற்று. கடனில் மூழ்கியவர்கள், கூலி வேலை செய்யும் பெண்கள் ஆகியோர் தம் சிறுநீரகத்தை விற்றனர். சென்னை வில்லிவாக்கத்துக்கு மக்கள் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் சூட்டினர். கடன் தீர்ந்தபாடில்லை; தரகர் கொழுத்தனர். 2004-இல் கடல்கோள் வந்து வாழ்விழந்த மீனவப் பெண்களிடையேயும் இந்த வாணிகம் நுழைந்தது. யாரும் கேட்காமல் காலெடுக்கப்பட்ட அந்த ஆப்பிரிக்கரின் கதை, நம் தெருவிலேயே வேறு வடிவில் நடந்தது. வறுமை கழுத்தை நெரிக்கையில் ஒருவர் தரும் இசைவு, இசைவாகுமா?

1994-இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இந்த விற்பனையைக் குற்றமாக்கியது. மூளைச் சாவையும் ஏற்றது. சட்டத்தின் கண்ணில் மண் தூவுவோர் இன்னும் உண்டு. 1991-இல் இரண்டாம் ஜான் பால், உடலை விற்பனைப் பொருளாக்குவது மனிதரின் மாண்பையே மறுப்பதாகும் எனக் கண்டித்தார். 1995-இல் வெளியிட்ட வாழ்வின் நற்செய்தி பற்றிய சுற்றுமடலில், அன்றாட வாழ்வில் மறைந்திருக்கும் வீரச்செயல்களுள் ஒன்றாக உறுப்புக் கொடையைக் குறிப்பிட்டார். இறப்புக்குப் பின் உறுப்பு தருவது உன்னதமான, பேறுபெறத் தக்க செயல் என்று 1997-இல் திருத்தப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2296-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. உயிரோடிருப்பவர் தருவதாயின், அவருக்கு நேரக்கூடிய இடர், பெறுபவருக்கு விளையும் நன்மையை விஞ்சிவிடலாகாது என்றும் அது வரையறுக்கிறது. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் பாலா மறைமாவட்டத்தில் அன்று துணை ஆயராயிருந்த ஜேக்கப் முரிக்கன், 2016 ஜூன் 1 அன்று தம் சிறுநீரகத்தை இந்து இளைஞர் ஒருவருக்குத் தந்ததை இங்கே நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

சட்டங்கள் கதவைத் திறக்கும். அதனுள் முதலில் நடந்து செல்வோர் துயருற்ற குடும்பத்தாரே. 1994-இல் இத்தாலியின் தென்பகுதியில் பயணம் செய்த அமெரிக்கக் குடும்பம் ஒன்றை வழிப்பறிக்காரர் சுட்டனர். ஏழு வயது மகன் இறந்தான். தங்கள் மகனைக் கொன்ற அந்த நாட்டின் மக்கள் எழுவருக்குப் பெற்றோர் அவன் உறுப்புகளைத் தந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் இத்தாலியில் உறுப்புக் கொடை மும்மடங்காயிற்று. 2008 செப்டம்பரில் நம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச் சாவுற்ற தம் பதினைந்து வயது மகனின் உறுப்புகளைத் தந்தனர். சென்னை மாநகரின் சாலைகளைக் காவலர் ஒழுங்கு செய்து வழிவிட, அவனது இதயம் விரைந்து சென்று ஒரு சிறுமியின் நெஞ்சில் துடித்தது. தமிழக அரசின் உறுப்புக் கொடைத் திட்டம் அவ்வாண்டிலேயே உருப்பெற்றது. 2023 செப்டம்பர் முதல், உறுப்பு தந்து மறைந்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று தமிழக அரசு அறிவித்தது.

சொல்லி வைப்போம்

வாசகப் பெருமக்களே, கொடை என்பது தருபவரின் சொல்லால் ஆவது. அந்தச் சொல்லை உயிரோடிருக்கும்போதே சொல்லியாக வேண்டும்; வீட்டார் காதில் விழும்படி சொல்லியாக வேண்டும். அட்டையில் கையொப்பமிட்டு அலமாரியில் பூட்டி வைத்தால், அது அடக்கம் முடிந்த பின்னரே பிறர் கண்ணில் படும். நம் நாட்டில் குடும்பத்தாரின் இசைவின்றி எதுவும் நடப்பதில்லை. ஆதலால் கணவன் மனைவியிடமும், தாய் மக்களிடமும் இதைப் பேச வேண்டும். மரணத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பது உயிர்ப்பை நம்புவோரின் பேச்சன்று.

கண் கொடையைப் பொறுத்தவரை முதுமை தடையன்று. கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். மரணம் நேர்ந்ததும் கண் வங்கிக்குத் தெரிவித்துவிட்டு, இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை அவற்றின்மேல் வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டால் போதும். மருத்துவக் குழுவினர் வீட்டுக்கே வருவர். அரை மணி நேரத்திற்குள் பணி முடிந்துவிடும், முகம் சிதைவதில்லை. அடக்கமும் தடைப்படுவதில்லை.

நாமும் நம் விருப்பத்தை எழுதி வைத்துள்ளோம். நம் தம்பி மகனிடமும், பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மாவிடமும், உபதேசியாரிடமும் வாயால் சொல்லியும் வைத்திருக்கிறோம். "சாமி, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்று அந்த அம்மா முதலில் அழுதார், பிறகு தொலைபேசி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதிக்கொண்டார்.

ஒரு கல்லறைத் திருநாளில், சவேரியாரின் வலக்கையைப் பற்றி மறையுரையாற்றினோம். முன்வரிசையில் அந்தப் பெரியப்பா அமர்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆசிரியரின் மனைவி இறந்த விடியற்காலையில், அந்த இளைய மகன் மீண்டும் நம் கதவைத் தட்டினார். இம்முறை அனுமதி கேட்க வரவில்லை. "சாமி, அம்மா போயிட்டாங்க. கண் வங்கிக்காரங்க வந்துக்கிட்டிருக்காங்க. பெரியப்பாதான் போன் பண்ணச் சொன்னாங்க. நீங்க வந்து செபிச்சா போதும்" என்றார்.

உடனே புறப்பட்டோம். அந்தத் தாயின் கண்களால் இப்போது இருவர் பார்க்கின்றனர். அவர்கள் யாரென்பது அந்தக் குடும்பத்தாருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கணவனும் மனைவியும் அருகருகே உறங்கும் அந்த இரு கல்லறைகளின் முன் இவ்வாண்டும் தீர்த்தம் தெளிப்போம். முதற் கல்லறையின் முன் மன்னிப்புக் கேட்போம்; இரண்டாவதன் முன் நன்றி சொல்வோம்.